நாலு வருஷப் படிப்பு நட்டமா? கணக்கைப் பிரித்துப் பார்ப்போம்

கேள்வி: எனக்கு வயது 33. ஊர் குமாரபாளையம் பக்கம், அப்பா விசைத்தறி ஓட்டுபவர். 2010-ல் கவுன்சலிங்கில் ஈரோடு மாவட்டத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் பி.இ. மெக்கானிக்கல் கிடைத்தது. கட்டணம், இதர கட்டணம் சேர்த்து ஆண்டுக்கு 65,000; விடுதிக்கும் மெஸ்ஸுக்கும் 50,000. கல்விக்கடன் 3.5 லட்சம், வட்டி 12 சதவீதம். மூன்றாம் செமஸ்டர் கணிதத் தாளில் விழுந்த அரியரும் இன்னொன்றும் சேர்ந்து 2015-ல்தான் முடித்தேன். 10,000 ரூபாய் சம்பளத்தில் தொடங்கி, இப்போது திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக (வெளிநாட்டு பையருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் நின்று ஆர்டரை முடித்துக் கொடுப்பவர்) 38,000 வாங்குகிறேன். கடனை 2022-ல்தான் அடைத்தேன். என்னோடு ப்ளஸ் டூ படித்த நண்பன் ஐடிஐயில் மெஷினிஸ்ட் முடித்து 2012-லேயே வேலைக்குப் போனான். 2021 வரை எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே சம்பளம். இன்று கோவையில் இரண்டு விஎம்சி மெஷின் (கணினி இயக்கத்தில் உலோகத்தைச் செதுக்குவது) போட்டு, மற்ற நிறுவனங்களுக்குக் கூலிக்கு ஜாப் ஒர்க் செய்கிறான். அவனிடம் மெஷினை வேலைக்குத் தயார்செய்யும் செட்டருக்கே 26,000 கொடுக்கிறானாம். "நாலு வருசம் தறி ஓட்டியிருந்தாக்கூட வீடு கட்டியிருக்கலாம்" என்கிறார் அப்பா. நான் படித்தது வீண்தானா? அக்கா மகன் இந்த ஆண்டு ப்ளஸ் டூ. அவனுக்கு என்ன சொல்வது?

பதில்: உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. பட்டம் படித்தது தவறா, பொறியியல் படித்தது தவறா, அதற்குப் பணம் புரட்டிய விதம் தவறா? மூன்றுக்கும் ஒரே பதில் இல்லை. அதனால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் செலவு. கட்டணம் நாலு ஆண்டுக்கு 2.6 லட்சம். விடுதிச் செலவு 2 லட்சத்தையும் படிப்புக் கணக்கில் எழுதுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. வீட்டில் இருந்திருந்தாலும் சாப்பிட்டிருப்பீர்கள். ஆகவே கூடுதலாக ஆனதை மட்டும், தோராயமாகப் பாதியை, அதாவது 1 லட்சத்தை எடுத்துக்கொள்கிறேன். ஆக 3.6 லட்சம். அடுத்து, வராமல் போன சம்பளம். இதைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதே இல்லை. நண்பர் 2012-ல் வேலைக்குப் போனார், நீங்கள் 2015-ல். நடுவில் மூன்று ஆண்டு. அன்றைய நிலவரத்தில் மாதம் சராசரி 8,000 என்று வைத்தால் 2.88 லட்சம். இதில் மூன்றில் ஒரு பங்கு, 96,000 ரூபாய், அரியர் தின்ற ஆண்டுக்கானது. அதைப் படிப்பின் தலையில் போடுவது நியாயமில்லை. இருந்தாலும் கைவிட்டுப் போன பணம் என்பதால் கணக்கில் வைக்கிறேன்.

மூன்றாவது, வட்டி. உங்களுக்கு உண்மையில் அடி விழுந்த இடம் இதுதான். 3.5 லட்சத்தை ஆண்டுக்கு 87,500 வீதம் நாலு தவணையாக வங்கி கொடுத்திருக்கும். படிப்புக் காலமும் அதற்குமேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பது கல்விக்கடன் விதி. ஆனால் வட்டி அந்த ஐந்து ஆண்டும் ஓடிக்கொண்டே இருக்கும். தனி வட்டிதான், ஆனாலும் முதல் தவணைக்கு ஐந்து ஆண்டு, இரண்டாவதற்கு நாலு, பிறகு மூன்று, இரண்டு. ஒரு தவணைக்கு ஓராண்டு வட்டி 10,500. பதினான்கு ஆண்டு வட்டி சேர்ந்து 1.47 லட்சம். 2015-ல் நீங்கள் அடைக்கத் தொடங்கியபோது கடன் 3.5 லட்சம் அல்ல, 4.97 லட்சம். அதை ஏழு ஆண்டில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 8,770, மொத்தம் கட்டியது 7.37 லட்சம். வாங்கிய கடனைவிட வட்டி அதிகம்: 3.87 லட்சம். 10,000 சம்பளத்தில் 8,770 தவணையை வீட்டாரின் கை இல்லாமல் கட்டியிருக்க முடியாது. அப்பாவின் கசப்பு எங்கிருந்து வருகிறது என்பதும் இதிலேயே தெரிகிறது. அவர் கண்ணில் படுவது பட்டம் அல்ல, அந்தத் தவணை.

மூன்றையும் கூட்டினால் 10.35 லட்சம். உங்கள் பட்டத்தின் உண்மையான அடக்கவிலை இது.

இனி வரவு. உங்கள் நண்பரின் இன்றைய வருமானத்தோடு உங்கள் சம்பளத்தை ஒப்பிடாதீர்கள். அவர் கையில் வருவது கூலி மட்டுமல்ல. போட்ட முதலுக்கான வருமானமும், ஆர்டர் இல்லாத மாதத்தில் மெஷின் தவணை கட்டும் துணிச்சலுக்கான விலையும் அதில் கலந்திருக்கின்றன. புது விஎம்சி ஒன்று சாதாரணமாக 20 லட்சத்தைத் தாண்டும். அது ஐடிஐ படிப்பால் வந்தது என்று சொன்னால், அதே வகுப்பில் அவரோடு படித்த மற்றவர்கள் எங்கே என்று கேட்க வேண்டும். அவர்களில் எத்தனை பேரிடம் சொந்த மெஷின் இருக்கிறது? இன்றும் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவரின் பேச்சு கல்யாண வீட்டுப் பந்தியில் எழுவதில்லை. ஜெயித்தவரின் பேச்சுதான் எழும்.

சரியான ஒப்பீட்டு எண்ணை நீங்களே கொடுத்துவிட்டீர்கள்: அவரிடம் வேலை பார்க்கும் செட்டரின் 26,000. உங்கள் 38,000-க்கும் அதற்கும் இடைவெளி மாதம் 12,000, ஆண்டுக்கு 1.44 லட்சம். 2021 வரை இருவருக்கும் சம்பளம் சமம் என்கிறீர்கள். அதன்பின் சுமார் நாலு ஆண்டாக இந்த இடைவெளி இருக்கிறது என்று கொண்டால் 5.76 லட்சம் திரும்பிவிட்டது. மீதி 4.59 லட்சம். இதே நிலை நீடித்தால் இன்னும் மூன்றே கால் ஆண்டு, அதாவது 36, 37 வயதில் கணக்கு நேராகும். செட்டருக்கு ஓவர்டைம் உண்டு. அதில் மாதம் 4,000 வருகிறது என்றால் இடைவெளி 8,000 ஆகச் சுருங்கும். அப்போது இதுவரை திரும்பியது 3.84 லட்சம்தான், மீதி 6.51 லட்சம் திரும்ப ஏறக்குறைய ஏழு ஆண்டு பிடிக்கும். எப்படிப் பார்த்தாலும் 40 வாக்கில் நேராகிவிடும். அதன் பிறகு 58 வரை வருவது உபரி. பணக் கணக்கில் உங்கள் பட்டம் நட்டமல்ல. மெதுவாகத் திரும்பும் முதலீடு. நல்ல முதலீடு என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

அந்த 12,000 இடைவெளி எதனால் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மெர்ச்சண்டைசர் வேலைக்கு நிறுவனங்கள் பட்டதாரியைத்தான் தேடுகின்றன. பையருக்கு ஆங்கிலத்தில் மெயில் போட வேண்டும், உடையின் அளவும் தையல் விவரமும் அடங்கிய டெக் பேக் படிக்க வேண்டும், ஒவ்வொரு வேலைக்கும் நாள் குறித்த டைம் அண்ட் ஆக்‌ஷன் காலண்டரைத் துரத்த வேண்டும். அதற்குப் பட்டம் வேண்டும். ஆனால் மெக்கானிக்கல் பட்டம் வேண்டியதில்லை. கலை அறிவியல் கல்லூரியில் மூன்றாண்டு பி.காம்., பி.பி.ஏ. படித்தவரும் உங்களுக்கு அடுத்த மேசையில் இருப்பார். அந்தப் படிப்புக்கு ஆகும் பணம் உங்களுக்கு ஆனதில் ஒரு சிறு பகுதி, காலமும் ஓராண்டு குறைவு. ஆகவே முதல் இரண்டு கேள்விக்கும் என் தீர்ப்பு: பட்டம் உங்களுக்கு வேலை செய்தது, பொறியியல் இதுவரை வேலை செய்யவில்லை. 'இதுவரை' என்பதற்குக் கீழே வருகிறேன்.

பொறியியல் ஏன் வேலை செய்யவில்லை? நீங்கள் முடித்த காலத்தில் தமிழ்நாட்டில் 550-க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருந்தன. அத்தனை மெக்கானிக்கல் பட்டதாரிகளுக்கும் அந்தத் துறையில் இடமில்லை. அப்படி நெரிசலான சந்தையில் நிறுவனங்கள் முதலில் செய்வது வடிகட்டுவது. பத்தாம் வகுப்பிலிருந்து 60 சதவீதம், நிலுவையில் அரியர் கூடாது என்ற இரண்டு வரிதான் பொதுவான வடிகட்டி. அரியரோடு இருந்தவருக்கு வளாகத் தேர்வில் உட்காரவே வாய்ப்பிருந்திருக்காது. அரியரை முடித்துவிட்டு வரும்போது அடுத்த பேட்ச் வெளியே வந்துவிடுகிறது. நீங்கள் புதியவரும் அல்ல, அனுபவசாலியும் அல்ல. அந்த இரண்டு அரியருக்கு நீங்கள் கொடுத்த விலை 96,000 ரூபாயோடு நிற்கவில்லை.

மூன்றாவது கேள்வி, பணம் புரட்டிய விதம். இங்கே தவறு நடந்திருக்கிறது, அது உங்கள் தவறு மட்டுமல்ல. பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்படிப்புக்கான கல்விக்கடனில் படிப்புக் காலத்துக்கும் அதற்கடுத்த ஓராண்டுக்கும் உள்ள வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் 2009-10 முதல் இருக்கிறது. விசைத்தறி ஓட்டும் குடும்பம் அந்த வரம்புக்குள்தான் இருந்திருக்கும். தாசில்தார் அலுவலக வருமானச் சான்றை வங்கியில் கொடுத்து அந்த 1.47 லட்சத்தை அரசு கட்டியிருந்தால், 2015-ல் கடன் 3.5 லட்சமாகவே நின்றிருக்கும். தவணை 6,180 அளவில், மொத்தம் கட்டுவது 5.19 லட்சம். நீங்கள் கட்டியதோ 7.37. வித்தியாசம் 2.18 லட்சம், ஒரு சான்றிதழின் விலை! வங்கி தானாகச் சொல்வதை நம்பி இருக்கக் கூடாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். மானியம் கிடைக்காதவர்களும் படிக்கும்போதே மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டிவந்தால் அது அசலில் ஏறாது. முதல் ஆண்டில் அது மாதம் 875 ரூபாய்தான், நாலாம் ஆண்டில் 3,500. பல வங்கிகள் அப்படிக் கட்டுபவர்களுக்கு வட்டியில் 1 சதவீதம் வரை குறைக்கவும் செய்கின்றன.

போன பணம் போனதுதான். இனி பட்டத்திடம் வாங்க வேண்டியது என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்ப்போம்.

அரசு, வங்கித் தேர்வுகளுக்குப் பட்டம் நுழைவுச் சீட்டு. ஆனால் உங்கள் வயதில் கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கின்றன. வங்கி அதிகாரி தேர்வுக்குப் பொதுப்பிரிவில் 30, ஓபிசிக்கு 33, எஸ்சி, எஸ்டிக்கு 35. டிஎன்பிஎஸ்சி குரூப் 1-க்கு இடஒதுக்கீட்டுப் பிரிவினர் 39 வரை எழுதலாம். வயதை எந்தத் தேதியில் கணக்கிடுகிறார்கள் என்பதை அந்தந்த அறிவிக்கையில் பாருங்கள். எழுதுவதானால் வேலையில் இருந்துகொண்டே எழுதுங்கள். 38,000 சம்பளத்தை விட்டு இரண்டு ஆண்டு பயிற்சி மையத்தில் உட்கார்ந்தால் இன்னொரு 9 லட்சம் செலவுப் பக்கத்தில் ஏறும். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான் பரிந்துரைப்பது உங்கள் கட்டடத்திலேயே இருக்கிறது: ஐஇ எனப்படும் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் பிரிவு, வேலை நேரத்தை அளந்து உற்பத்தியைச் சீராக்கும் இடம். பையருக்கு விலை சொல்லும்போது ஒரு பீஸுக்கு ஆகும் துணி (கன்சம்ப்ஷன்), துணியின் எடை (ஜிஎஸ்எம்), பிரிண்டிங் எல்லாம் உங்களுக்குத் தலைகீழ்ப் பாடமாக இருக்கும். தையல் கூலியை மட்டும் புரொடக்‌ஷனில் கேட்டு எழுதிக்கொள்வீர்கள். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவருக்குத் திருப்பூரில் மதிப்பு தனி. மெக்கானிக்கல் பாடத்தில் வரும் ஒர்க் ஸ்டடிதான் அதன் அடிப்படை.

செய்து பாருங்கள். ஸ்லீவ் அட்டாச் செய்யும் டெய்லரிடம் ஸ்டாப்வாட்சோடு நின்று பத்து பீஸ் அளந்து சராசரி எடுங்கள். 30 நொடி வருகிறது, அவர் வேகம் இயல்பில் 90 சதவீதம் என்று மதிப்பிடுகிறீர்கள் என்றால் அடிப்படை நேரம் 27 நொடி. நூல் மாற்ற, ஊசி உடைய, இளைப்பாற 15 சதவீதம் சேர்த்தால் 31 நொடி, அதாவது 0.52 நிமிடம். எல்லா ஆபரேஷனுக்கும் இப்படி எடுத்துக் கூட்டினால் அந்த ஸ்டைலின் சாம், அதாவது ஒரு பீஸ் தைக்க ஆக வேண்டிய நேரம். ஒரு டி-ஷர்ட்டுக்கு 8 நிமிடம் என்று வைப்போம். லைனில் 30 பேர், 480 நிமிடம் வேலை, அன்றைய உற்பத்தி 900 பீஸ். 900-ஐ 8-ஆல் பெருக்கி, 30 பேரின் மொத்த நிமிடமான 14,400-ஆல் வகுத்தால் எஃபிஷியன்சி 50 சதவீதம். ஒரு ஆளுக்கு ஒரு நிமிடச் செலவு, மேல்செலவு உட்பட, ஒன்றரை ரூபாய் என்றால் பீஸுக்கு 24 ரூபாய் ஆகிறது. லைனைச் சமன்செய்து 60 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் அதே பீஸ் 20 ரூபாய். 50,000 பீஸ் ஆர்டரில் 2 லட்சம் மிச்சம். இந்தக் கணக்கை முதலாளி மேசையில் வைக்கத் தெரிந்த மெர்ச்சண்டைசர் சம்பள உயர்வுக்குக் கெஞ்ச வேண்டியதில்லை.

இதில் சறுக்கும் இடங்கள் இரண்டு. ஸ்டாப்வாட்சோடு நின்றாலே டெய்லர்கள் வேகத்தைக் குறைப்பார்கள், பீஸ் ரேட்டைக் குறைக்கத்தான் வந்திருக்கிறான் என்ற பயம். ஆகவே லைன் சூப்பர்வைசரிடம் முன்பே சொல்லிவிட்டு, ஒரே ஆளை மட்டும் அளக்காமல் இரண்டு மூன்று பேரை அளங்கள். அடுத்தது, ஒரு ஆபரேஷன் தேங்கி நிற்கும்போது மற்ற இடத்தில் வேகத்தைக் கூட்டிப் பயனில்லை. தேங்கும் இடத்தில் ஆளையோ மெஷினையோ கூட்டினால்தான் உற்பத்தி எண் நகரும். ஆறு மாதம் இரண்டு மூன்று ஸ்டைலுக்கு இப்படித் தாள் தயாரித்து வையுங்கள். உங்கள் நிறுவனம் காஸ்டிங் அல்லது ஐஇ பொறுப்புக்கு மாற்றாவிட்டால், அந்தத் தாள்களே அடுத்த நேர்காணலுக்குப் போதும்.

இடையில் காகித வேலை கொஞ்சம். கடன் முடிந்ததற்கு வங்கியில் நிலுவையின்மைச் சான்று வாங்கினீர்களா? உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் கணக்கு 'குளோஸ்டு' என்று இருக்க வேண்டும். 'செட்டில்டு' என்றிருந்தால் பாதித் தொகைக்குச் சமரசம் செய்ததாகப் பொருள்படும், வீட்டுக்கடனில் உதைக்கும். அப்பா இணைக் கடன்தாரர் என்பதால் அவர் பெயரிலும் பாருங்கள். அடுத்து, கையில் இருப்பது தற்காலிகச் சான்று மட்டும்தானா என்று பாருங்கள். பட்டச் சான்றை வாங்காமலே பத்து ஆண்டு ஓட்டியவர்கள் நிறையப் பேர். உங்கள் பேட்சுக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. நீங்கள் சேர்ந்தபோது உங்கள் பகுதிக் கல்லூரிகள் கோவை அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 2012-ல் அது மீண்டும் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. முதல் செமஸ்டர்களின் மதிப்பெண் பட்டியலில் ஒரு பெயரும் பட்டத்தில் வேறு பெயரும் இருக்கலாம். வெளிநாட்டு வேலைக்குச் சான்றொப்பம் வாங்கும்போது இதைக் கேட்பார்கள். ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலை முன்னதாகவே வாங்கி வையுங்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து, சான்றிதழில் சுருங்கி இருந்தால் அதையும் இப்போதே கவனியுங்கள்.

அக்கா மகன். அவனுக்கு உங்கள் கதையைச் சொல்வதைவிட அவன் கணக்கைப் போட்டுக் கொடுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் பொறியியல் கவுன்சலிங்கில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அப்போது செலவுப் பக்கமே மாறிவிடும், படிக்கட்டும். அந்த வாய்ப்பு இல்லையென்றால் முதல் பட்டதாரி சலுகை பொருந்துமா பாருங்கள். பெற்றோர், இருவழித் தாத்தா பாட்டி, உடன்பிறந்தோரில் பட்டதாரி இருக்கக் கூடாது. மாமாவாகிய நீங்கள் பட்டதாரி என்பது தடையில்லை.

கடன் வாங்குவதானால் ஓர் எண்ணை மனதில் வையுங்கள். 10 சதவீத வட்டியில் ஏழு ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மாதம் 1,660 ரூபாய். நாலு லட்சத்துக்கு 6,640. தொடக்கச் சம்பளம் 18,000 என்றால் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டும் தவணையை நான் ஆபத்து என்பேன். வட்டி மானியத்துக்கு இப்போது கல்லூரிக்கு நாக் அல்லது பாடப்பிரிவுக்கு என்பிஏ தரச்சான்று இருக்க வேண்டும். கவுன்சலிங்கில் கல்லூரிப் பெயரை வரிசைப்படுத்தும் முன்பே இதைப் பார்க்காவிட்டால் பிறகு பயனில்லை.

கல்லூரிக்கு நேரில் போகும்போது, வாசலில் தொங்கும் பிளெக்ஸில் உள்ள அதிகபட்ச சம்பளத்தைப் படித்துவிட்டுத் திரும்பாதீர்கள். அவன் சேரப்போகும் பிரிவில் போன ஆண்டு எத்தனை பேர் முடித்தார்கள், அதில் எத்தனை பேர் அரியர் இல்லாமல், எத்தனை பேர் உண்மையில் வேலைக்குச் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். ஒரே மாணவருக்கு வந்த மூன்று ஆஃபரை மூன்று வேலையாக எண்ணும் வழக்கம் உண்டு. தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகமே கல்லூரிவாரியாக வெளியிடுகிறது. அதில் பாதிக்குக் கீழே இருக்கும் கல்லூரியில் இடம் கிடைக்கிறதே என்று சேர்த்தால், அரியர் ஆண்டும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள்.

அவனுக்குக் கை வேலையில் நாட்டம் என்றால் ப்ளஸ் டூவுக்குப் பின் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டு ஆண்டில் டிப்ளமோ. அரசு பாலிடெக்னிக்கில் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம்தான். அதன்பின் பொறியியல் வேண்டும் என்று அவனுக்கே தோன்றினால் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டு. மொத்தத்தில் ஓராண்டு கூடுதலாகும். ஆனால் நடுவில் நிற்க ஒரு நிறுத்தம் இருக்கிறது. உங்களுக்கு அது இல்லை: 2010-ல் ஏறினால் நேராகக் கடைசி நிறுத்தம்தான். அவனை ஒருநாள் கோவைக்கு உங்கள் நண்பரின் ஷெட்டுக்கும், மறுநாள் உங்கள் நிறுவனத்துக்கும் கூட்டிப் போங்கள். இரண்டிடத்திலும் காலை எட்டு மணி முதல் மாலை வரை இருக்கட்டும். அவன் கவுன்சலிங் விருப்பப் பட்டியலை அதற்குப் பிறகு எழுதலாம்.